ஒட்டாத அடுக்குகள்

கணினித் திரையில் காணப்படும் ஒளிப்படம் எதுவாயினும், அது பிக்சல் எனப்படும் மிகச் சிறிய சதுரங்கள் வரிசை வரிசையாக நெருக்கி வைக்கப்பட்ட ஒரு கட்டமே ஆகும். ஒவ்வொரு சதுரத்துக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளின் அளவைக் குறிக்கும் மூன்று எண்கள் உண்டு, பெரும்பாலான படங்களில் அவ்வெண்கள் 0 முதல் 255 வரை அமைகின்றன. ஒரு சதுரம் ஒரு நேரத்தில் ஒரு நிறத்தையே ஏற்கும் என்பதால், படத்திலுள்ள நெற்றியில் ஒரு பொட்டு வரையப்பட்டால் அவ்விடத்தில் இருந்த தோலின் நிறம் மூடப்படுவதில்லை, அழிந்தேபோகிறது. தாளில் ஒட்டிய பொட்டை உரித்தால் அடியில் தாள் இருக்கும். கணினியின் கட்டத்திலோ அடி என்று ஒன்று கிடையாது. இல்லாத அந்த அடியை உண்டாக்கித் தரும் ஏற்பாட்டுக்கே படத்திருத்த மென்பொருள்களில் லேயர் என்று பெயர்.

புகைப்பட நிலையங்களிலும் அச்சகங்களிலும் திருமண ஆல்பம் தயாரிக்கும் கூடங்களிலும் லேயர் என்ற சொல்லே வழங்குகிறது. தமிழில் அதனை அடுக்கு எனலாம். படத்தின்மேல் விரிக்கப்பட்ட கண்ணாடித்தாள் ஒன்றை மனத்தில் கொண்டால் அதன் இயல்பு விளங்கும்: அத்தாளில் எங்கே நிறம் இருக்கிறதோ அங்கே அது கீழுள்ளதை மறைக்கிறது, எங்கே ஒன்றும் இல்லையோ அங்கே கீழுள்ளது அப்படியே தெரிகிறது. இத்தகைய தாள்கள் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மேலிருந்து நோக்கினால் கிடைக்கும் ஒரே காட்சியைத்தான் மென்பொருள் திரையில் காட்டுகிறது. புதிதாகக் கற்பவருள் பலர், ஒரு படத்தின்மேல் மற்றொன்றை ஒட்டுவதற்கான வசதியே லேயர் என்று எண்ணிக்கொள்கின்றனர். ஒட்டுவதற்கு லேயர் தேவையே இல்லை. லேயர் வருவதற்கு முன்பும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒட்டாமல் வைத்திருப்பதற்கே அது தேவைப்படுகிறது என்பதை உணர்ந்தவருக்கு மற்ற நுட்பங்கள் யாவும் அந்த ஒன்றிலிருந்தே கிளைத்துவருவது தெரியும்.

ஒட்டியவர்களின் வரலாறு கணினியைவிடப் பழையது. சுவீடனில் பிறந்து இங்கிலாந்தில் தொழில் செய்த ஆஸ்கர் ரைலாண்டர் என்ற ஒளிப்படக் கலைஞர் 1857-இல் 'வாழ்வின் இரு வழிகள்' என்னும் பெரிய படத்தை முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே காட்சியாக ஆக்கினார். ஒவ்வொரு நெகட்டிவ்வையும் தாளின் உரிய இடத்தில் பதிக்கும்போது மற்ற இடங்களை ஒளி படாமல் மூடிவைக்க வேண்டியிருந்தது. இருபதாவது நெகட்டிவ்வில் கை தவறினால் அதற்கு முன் பதித்த பத்தொன்பதும் வீண், ஏனெனில் எல்லாம் ஒன்றாகத் தாளில் ஏறிவிட்டன. பிரித்துவைக்கும் வழியைக் கண்டவர்கள் கேலிச்சித்திரப் படம் எடுத்தவர்களே. அமெரிக்கரான எர்ல் ஹர்ட் 1914-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறையில், அசையும் உருவங்கள் ஒளிபுகும் செல்லுலாய்டுத் தகடுகளில் வரையப்பட்டன, அசையாத பின்னணி அடியில் ஒரே ஒரு முறை வரையப்பட்டது. உருவத்தின் கை நகர்வதற்காக வீட்டையும் மரத்தையும் ஒவ்வொரு படத்திலும் திரும்ப வரையும் வேலை அதனால் மிச்சமாயிற்று.

செல்லுலாய்டின் ஒளிபுகும் தன்மையைக் கணினிக்குள் கொண்டுவர ஓர் எண் போதுமாக இருந்தது. 1970-களின் பிற்பகுதியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ஆல்வி ரே ஸ்மித், எட் கேட்மல் ஆகிய இருவரும் ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று நிற எண்களோடு நான்காவதாக ஓர் எண்ணைச் சேர்த்தனர். அந்தப் பிக்சல் எவ்வளவு மறைக்கிறது, எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது என்பதைச் சொல்லும் அவ்வெண்ணுக்கு ஆல்பா என்று பெயரிட்டனர். லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தின் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் 1984-இல் வெளியிட்ட ஆய்வுரை, இந்த எண்ணைக் கொண்டு ஒரு படத்தின்மேல் மற்றொரு படத்தை வைப்பதற்கான கணக்கை ஒழுங்குபடுத்தியது. கணக்கு எளியது. மேல் அடுக்கின் ஒரு பிக்சலின் அளவு 200, கீழுள்ளதன் அளவு 100, மேலுள்ளதன் மறைக்கும் திறன் நூற்றுக்கு நாற்பது என்றால், 200-இல் நாற்பது பங்கான 80-உம் 100-இல் அறுபது பங்கான 60-உம் சேர்ந்து 140 என்னும் அளவு திரையில் தோன்றும். மென்பொருளில் ஒபாசிட்டி என்று காணப்படும் நகர்த்தியை இழுக்கும்போதெல்லாம் இந்தக் கூட்டல்தான் கோடிக்கணக்கான பிக்சல்களுக்குக் கண்ணிமைக்கும் நேரத்தில் நடைபெறுகிறது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த தாமஸ் நால், அதே லூகாஸ்ஃபிலிமின் சிறப்புக் காட்சிப் பிரிவில் பணியாற்றிய தம் சகோதரர் ஜான் நால் ஆகியோர் உருவாக்கிய ஃபோட்டோஷாப், 1990 பிப்ரவரியில் அடோபி நிறுவனத்தின் வெளியீடாக வந்தபோது அதில் லேயர் இல்லை என்பது இன்று பலருக்கு வியப்பாக இருக்கலாம். அப்போது ஒட்டப்பட்ட துண்டு, தேர்வு நீங்கும்வரை படத்தின்மேல் மிதந்துகொண்டிருக்கும், இடம் மாற்றலாம். தேர்வு நீங்கிய கணமே அது படத்தோடு கலந்துவிடும், பின்னர் பிரிக்க வழியில்லை. 1994-இல் வந்த மூன்றாம் பதிப்பே லேயரைக் கொண்டுவந்தது. பெர்க்லியில் மாணவர்களாயிருந்த ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மேட்டிஸும் தொடங்கிய கிம்ப் என்னும் இலவச மென்பொருள் 1998-இல் தன் முதல் முழுப் பதிப்பை அடைந்தபோது அதிலும் அடுக்குகள் இடம்பெற்றிருந்தன. இன்று கிரிட்டா, இணைய உலாவியிலேயே இயங்கும் ஃபோட்டோபியா, கைப்பேசிச் செயலிகள் என எதைத் திறந்தாலும் ஏட்டின் பெயர்தான் வேறு, பாடம் ஒன்றே.

திரையின் ஓரத்தில் லேயர் பட்டியல் இருக்கும். பட்டியலில் மேலே இருப்பது படத்திலும் மேலே இருக்கிறது. ஒரு பெயரை இழுத்து மற்றொன்றின் கீழே விட்டால் படத்திலும் அது பின்னால் போய்விடும். வரிசை மாற்றத்தின் எளிமையை உணர, தஞ்சாவூரில் வளர்ந்த கண்ணாடி ஓவியத்தை நினைத்துப் பார்க்கலாம். ஓவியர் கண்ணாடியின் பின்புறத்தில் வரைகிறார், பார்ப்பவர் முன்புறத்திலிருந்து பார்க்கிறார். ஆகவே கண்ணின் கருமணி, நகையின் மணி போன்ற மிக நுண்ணியவற்றை முதலில் தீட்டி, அதன்மேல் முகத்தின் நிறத்தைப் பூசி, எல்லாவற்றுக்கும் பின்னாலிருக்கும் திரைச்சீலையைக் கடைசியாகத் தீட்ட வேண்டும். முதலில் முகத்தைப் பூசிவிட்டால் கண்ணுக்கு இடமே இல்லை. முழு வரிசையையும் மனத்திலேயே முடித்துவிட்டுத் தூரிகையை எடுக்கும் அந்த ஒழுக்கத்தைக் கணினி எவரிடமும் கேட்பதில்லை. இது இழப்பா வசதியா என்பது வேறு கேள்வி.

பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் அருகில் உள்ள கண் வடிவக் குறி அந்த அடுக்கைக் காட்டவும் மறைக்கவும் பயன்படுகிறது, பூட்டுக் குறி கை தவறாமல் காக்கிறது. ஒன்றுமில்லாத இடத்தை மென்பொருள் சாம்பலும் வெள்ளையுமான சதுரங்கப் பலகைபோலக் காட்டும். அது படத்தின் பகுதி அன்று, வெறுமைக்கு இடப்பட்ட அடையாளம். கேமராவிலிருந்து வந்த படத்தைத் திறந்தால் ஃபோட்டோஷாப்பில் அது பின்னணி என்ற பெயரோடு பூட்டப்பட்டிருக்கும், கிம்ப்பில் அதற்கு ஆல்பா எண் இருக்காது. இவற்றை மாற்றாமல் அழிப்பானைத் தேய்த்தால் சதுரங்கப் பலகைக்குப் பதில் வெள்ளையோ வேறொரு நிறமோ தோன்றிக் கற்பவரைக் குழப்பும். கிம்ப்பில் இன்னொரு சிறு பொறியும் உண்டு: அங்கு ஒவ்வொரு அடுக்குக்கும் தனி எல்லை இருப்பதால், சிறிய துண்டு ஒன்றின் அடுக்கில் நின்றுகொண்டு அதற்கு வெளியே தூரிகையை எவ்வளவு இழுத்தாலும் ஒன்றும் பதியாது, அடுக்கின் அளவைப் படத்தின் அளவுக்கு விரிக்கும் கட்டளை அதற்கு மருந்து. ஆயினும் எல்லா மென்பொருளிலும் புதியவரை மிகுதியாக அலைக்கழிப்பது வேறொன்று. எந்த அடுக்கு தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதோ அதில் மட்டுமே வேலை நடக்கும். கண் பார்க்கும் அடுக்கு ஒன்று, கை இருக்கும் அடுக்கு மற்றொன்று என்றாகிவிட்டால், மென்பொருள் பழுதாகிவிட்டது என்றே தோன்றும். 'லேயர் 1', 'லேயர் 1 நகல்', 'லேயர் 1 நகல் 2' என்று தானாக விழும் பெயர்களை அப்படியே விட்டுவிடுபவருக்கு இது நாள்தோறும் நேரும்.

அடுக்கின் தேவையற்ற பகுதியை நீக்க அழிப்பானை எடுப்பது இயல்பான பழக்கம். ஆனால் அழிப்பான் மீண்டும் பழைய இக்கட்டையே கொண்டுவருகிறது, அழித்தது போனதுதான். இதற்கு மாற்றாக வந்ததே மாஸ்க் எனப்படும் மறைப்பு. அடுக்கோடு பிணைக்கப்பட்ட கருப்பு வெள்ளைப் படம் அது. மறைப்பில் வெள்ளையாக இருக்கும் இடத்தில் அடுக்கு தெரியும், கருப்பாக இருக்கும் இடத்தில் தெரியாது, சாம்பலாக இருக்கும் இடத்தில் சாம்பலின் அளவுக்கேற்பப் பாதியோ கால்பங்கோ தெரியும். கருப்புத் தூரிகையால் மறைத்தது தவறென்று தோன்றினால் வெள்ளைத் தூரிகையால் அதே இடத்தைத் தடவினால் போதும், மறைந்தது திரும்ப வந்துவிடும், ஏனெனில் அடுக்கின் பிக்சல் ஒன்றுகூடத் தொடப்படவில்லை.

மறைப்பின் அருமை விளிம்புகளில்தான் தெரிகிறது. கல்யாண மண்டபச் சுவரின் முன் நிற்கும் மணப்பெண்ணைத் தனியே எடுத்து வேறொரு பின்னணியில் வைக்க வேண்டும் என்று கொள்வோம். தோளும் கையும் எளிதில் பிரிந்துவரும். நெற்றியோரத்து மயிரிழைகளும் பின்னலில் சூடிய மல்லிகைச் சரத்தின் இதழ்களுமே வேலை வாங்கும். ஒரு மயிரிழையின் கனம் பல நேரங்களில் ஒரு பிக்சலைவிடக் குறைவு. ஆகவே அந்தச் சதுரத்தில் பதிந்திருப்பது மயிரின் நிறமும் அன்று, சுவரின் நிறமும் அன்று, இரண்டும் கலந்த ஒன்று. அதனைக் கத்தரிப்பதுபோல உள்ளே வெளியே என்று வெட்டினால் தலையைச் சுற்றி அட்டையில் வெட்டிய பொம்மையின் விளிம்பு தோன்றும். 256 படிகளைக் கொண்ட மறைப்போ 'இந்தச் சதுரத்தில் மூன்றில் ஒரு பங்கு மயிர்' என்று சொல்லவல்லது. அப்போதும் கலந்த நிறத்திலுள்ள சுவரின் பங்கு நீங்குவதில்லை, நீலச் சுவராயின் கூந்தலோரத்தில் மெல்லிய நீலம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை ஆற்றுவதற்கு, பெண்ணின் அடுக்குக்குள் மட்டுமே தெரியுமாறு கட்டப்பட்ட இன்னொரு அடுக்கில் கூந்தலின் நிறத்தை மெல்லத் தடவுவர். இவ்வாறு கீழுள்ள அடுக்கின் வடிவத்துக்குள் மேலுள்ளது அடங்கித் தெரியும் ஏற்பாடு கிளிப்பிங் மாஸ்க் எனப்படும். மறைப்பைக் கையாளும்போது நினைவிலிருக்க வேண்டிய செய்தி ஒன்றே: பட்டியலில் அடுக்குக்கு ஒரு சிறு படமும் மறைப்புக்கு ஒரு சிறு படமும் அருகருகே இருக்கும், எதைச் சுற்றிக் கட்டம் தெரிகிறதோ அதில்தான் தூரிகை வேலை செய்யும். முகத்தில் திடீரென்று கருப்பு மை பூசப்பட்டால், கை மறைப்பில் இல்லாமல் அடுக்கில் இருந்தது என்று பொருள்.

இதுவரை சொல்லப்பட்டவை மறைத்தல், விட்டுக்கொடுத்தல் என்னும் இரண்டே செயல்கள். மேலும் கீழும் உள்ள எண்கள் சேர்ந்து புதிய எண்ணைத் தரும் வேறு வழிகளும் உண்டு. அவை கலப்பு முறைகள் எனப்படும், தொழில் வழக்கில் பிளெண்டிங் மோட். ஃபோட்டோஷாப்பின் பட்டியலில் இருபதுக்கும் மேற்பட்ட முறைகள் இருப்பதைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை, நான்கு தெரிந்தால் பெரும்பாலான வேலைகள் முடிந்துவிடும்.

மல்டிபிளை என்பது பெயருக்கேற்பப் பெருக்கல். இரண்டு எண்களைப் பெருக்கி 255-ஆல் வகுப்பதே அதன் விதி. 128-உம் 128-உம் சேர்ந்தால் 64, அதாவது இருட்டு கூடும்; மேலுள்ளது 255 என்னும் முழு வெள்ளையாயின் கீழுள்ளது மாறாமல் அப்படியே நிற்கும். வெள்ளைத் தாளில் பேனாவால் இட்ட கையொப்பத்தை ஸ்கேன் செய்து ஒரு சான்றிதழின்மேல் வைத்து இந்த முறையைத் தேர்ந்தால், தாளின் வெள்ளை தானாக மறைந்து மைக்கோடு மட்டும் நிற்பதன் காரணம் இந்தப் பெருக்கலே. ஸ்கிரீன் இதற்கு நேர் எதிரானது, இரண்டையும் தலைகீழாக்கிப் பெருக்கி மீண்டும் தலைகீழாக்குகிறது. அங்கு 128-உம் 128-உம் சேர்ந்தால் ஏறத்தாழ 192, கருப்புக்கு எந்த விளைவும் இல்லை. இருண்ட வானத்தில் எடுத்த வாணவேடிக்கையைக் கோபுரத்தின் இரவுப் படத்தின்மேல் வைக்க இம்முறை பொருந்தும், இருட்டு கரைந்து தீப்பொறி மட்டும் தங்கும். ஓவர்லே கீழுள்ளது இருட்டாயின் பெருக்கலையும் வெளிச்சமாயின் ஸ்கிரீனையும் செய்கிறது. கலர் என்னும் முறையில் மேலுள்ள அடுக்கின் நிறமும் கீழுள்ளதன் ஒளி நிழலும் சேர்கின்றன. இந்த நான்கின் பெயர்களையும் மனப்பாடம் செய்வதைவிட வெள்ளை எதில் மறையும், கருப்பு எதில் மறையும் என்று ஒரு முறை செய்து பார்ப்பது மேல்.

பிக்சலே இல்லாத அடுக்கும் உண்டு. 1996-இல் வெளிவந்த ஃபோட்டோஷாப் நான்காம் பதிப்பில் தோன்றிய அட்ஜஸ்ட்மென்ட் லேயர் எனப்படும் திருத்த அடுக்கு, எதையும் வரைந்துகொள்வதில்லை; தனக்குக் கீழுள்ளவற்றை இவ்வளவு வெளிச்சமாக்கு, இந்த நிறத்தைக் குறை என்னும் கட்டளையை மட்டும் சுமந்து நிற்கிறது. கண்ணாடித்தாள் உவமை இங்கே மூக்குக்கண்ணாடியாக மாறிவிடுகிறது: கழற்றினால் பழைய உலகம். இதற்கும் மறைப்பு உண்டு என்பதால் முகத்தை மட்டும் வெளிச்சமாக்கிச் சுவரை விட்டுவிடலாம். கிம்ப்பில் நெடுங்காலம் இந்த வசதி இல்லை, அடுக்கின் நகலை எடுத்து நகலில் திருத்தம் செய்வதே வழக்கமாயிருந்தது. 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில்தான் அடுக்கோடு இணைத்துவைத்துப் பின்னர் மாற்றவும் நீக்கவும் கூடிய வடிவில் விளைவுகள் இடம்பெற்றன.

இவை யாவும் ஒன்றுசேரும் வேலையாக, வீட்டுச் சுவரில் தொங்கும் பழைய கருப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் புதுப்பிப்பதை எடுத்துக்கொள்ளலாம். நான்கங்குல அகலமும் ஆறங்குல உயரமும் கொண்ட படம், அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் ஸ்கேன் செய்யப்பட்டால் 2400-க்கு 3600 பிக்சல் அளவில் கிடைக்கும். அதனை அடியில் வைத்துப் பூட்டிவிடுவது முதல் வேலை. கடைசிவரை அதில் ஒரு பிக்சலும் மாறக் கூடாது. அதன்மேல் வெற்று அடுக்கு ஒன்றை இட்டு, மடிப்புக் கோடுகள், பூஞ்சைப் புள்ளிகள், சட்டத்தின் கண்ணாடியில் ஒட்டி உரிந்த இடங்கள் ஆகியவற்றை அதிலேயே செப்பனிட வேண்டும். அருகிலுள்ள நல்ல பகுதியை எடுத்துப் பழுதின்மேல் பூசும் கருவிகளுக்கு, கீழுள்ள அடுக்குகளிலிருந்தும் மாதிரி எடுத்துக்கொள் என்னும் தேர்வு இருக்கும். அதனை இயக்கினால் மாதிரி அசலிலிருந்து வரும், பூச்சு மட்டும் புதிய அடுக்கில் விழும். இந்த அடுக்கின் கண்ணை மூடித் திறந்து பார்த்தால், எது தழும்பு, எது தாத்தாவின் கன்னத்திலிருந்த மறு என்பதைத் தெரியாமல் எடுத்துவிட்ட இடங்கள் அகப்படும். மறுவை மறைத்த அந்தப் பூச்சை மட்டும் அழித்துவிடலாம்.

அடுத்ததாக, மங்கிய படத்துக்கு ஆழம் தர ஒரு திருத்த அடுக்கு. அதற்கும் மேலே, 128 என்னும் நடுச் சாம்பலால் முழுதும் நிரப்பி ஓவர்லே முறையில் வைக்கப்படும் ஓர் அடுக்கு. நடுச் சாம்பல் ஓவர்லேயில் எந்த மாற்றத்தையும் செய்வதில்லை. ஆகவே அந்தச் சாம்பலில் மென்மையான தூரிகையால் சற்றுக் கருப்பைத் தடவினால் அவ்விடம் நிழலாகும், சற்று வெள்ளையைத் தடவினால் ஒளிரும். இருட்டறையில் கையாலும் அட்டைத் துண்டாலும் ஒளியைத் தடுத்தும் கூட்டியும் செய்த வேலை இது, மிகையாகிவிட்டால் அந்த இடத்தில் மட்டும் மீண்டும் சாம்பலைப் பூசிக்கொள்ளலாம் என்பதே வேறுபாடு.

வண்ணம் ஏற்றுவது விருப்பத்தைப் பொறுத்தது. முன்பு ஸ்டுடியோக்களில் அச்சிட்ட படத்தின்மேலேயே மெல்லிய சாயத்தைக் கையால் தீட்டினார்கள். தவறினால் வேறு பிரதி எடுக்க வேண்டியதுதான். இப்போது தோலுக்கு ஒன்று, புடவைக்கு ஒன்று, கரைக்கு ஒன்று, பின்னணித் திரைக்கு ஒன்று எனத் தனித்தனி அடுக்குகளைக் கலர் முறையில் வைத்து நிரப்பினால், துணியின் மடிப்புகளும் நிழல்களும் கீழிருந்து அப்படியே வரும். எந்த நிறம் என்பதைப் படம் சொல்லாது. சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாக விழுவது உண்டு; சிவப்பை உணராத பழைய வகைப் படச்சுருளில் எடுத்த படமாயின் நெற்றிக் குங்குமம் கருப்பாகவே பதிந்திருக்கும், அதனைச் சாந்துப் பொட்டென்று கொள்வது பிழையாகும். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுத்தான் அறிய வேண்டும், அவர்களும் ஒரே விடையைச் சொல்வதில்லை. பச்சை என்று ஒருவரும் அரக்கு என்று மற்றொருவரும் சொல்லும் வேளையில் புடவையின் அடுக்கு மட்டும் தனியே நிற்பது பெரிய ஆறுதல். தாமாகவே வண்ணமேற்றும் செயலிகள் இன்று பெருகியிருப்பினும், அவை தரும் நிறம் ஊகமே என்பதும், பிரிக்க முடியாதபடி ஒரே படமாக அது கிடைத்தால் திருத்துவது கடினம் என்பதும் கருதத்தக்கவை.

எழுத்துக்கான அடுக்கு மற்றவற்றிலிருந்து வேறுபட்டது. அதில் பிக்சல் இல்லை, எழுத்தும் எழுத்துருவின் பெயரும் அளவுமே சேமிக்கப்பட்டிருக்கின்றன. அதனால் எப்போது வேண்டுமானாலும் சொல்லை மாற்றலாம். அதனைப் பிக்சலாக மாற்றும் ராஸ்டரைஸ் என்னும் கட்டளையைக் கொடுத்துவிட்டால் எழுத்து படமாக உறைந்துவிடும். ஓர் ஒற்றுப் பிழையைச் சரிசெய்யவும், திருமணப் பத்திரிகையில் விட்டுப்போன பெரியப்பாவின் பெயரை உரிய இடத்தில் சேர்க்கவும் வேண்டியிருப்பது பெரும்பாலும் எல்லாம் முடிந்த பின்னரே என்பது இத்தொழிலில் இருப்பவர் அனைவரும் அறிந்தது. தமிழுக்கு இங்கே ஒரு தனி இடர்ப்பாடும் இருந்தது. ஒருங்குறியில் தட்டெழுதிய சொல்லைப் பழைய பதிப்புகளில் ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி விழும், ஒலிக்கும் வரிசையில் சேமிக்கப்பட்ட 'கெ' திரையில் 'க'வுக்குப் பின்னால் கொம்போடு நிற்கும். இந்திய மொழிகளுக்கான எழுத்து இயந்திரத்தை அமைப்புகளில் தேர்ந்தெடுக்கும் வசதி வந்த பின்னரே இது தீர்ந்தது. அதுவரை வடிவமைப்பாளர்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய பாமினி போன்ற எழுத்துருக்களை நம்பியிருந்தனர், இன்றும் பலர் நம்பியிருக்கின்றனர். அத்தகைய கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வாழ்த்துச் செய்தி பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகக் கலைந்துவிடும். இதற்கு அஞ்சியே எழுத்தை உறையவைத்து அனுப்புகிறார்கள். எழுத்து அடுக்கின் நகலை எடுத்து, நகலை உறையவைத்து, அசலைக் கண் மூடிய நிலையில் கோப்பிலேயே விட்டுவைப்பது இரண்டு பக்கமும் காக்கும் வழி.

அடுக்குகளுக்கு விலையும் உண்டு, அது நினைவகத்தில் கட்டப்படுகிறது. பத்தடி அகலமும் எட்டடி உயரமும் கொண்ட ஒரு ஃபிளெக்ஸ் பேனரை அங்குலத்துக்கு 72 புள்ளி வீதம் அமைத்தால் 8640-க்கு 6912, ஏறத்தாழ ஆறு கோடிப் பிக்சல்கள் ஆகும். மூன்று நிற எண்ணும் ஒரு ஆல்பா எண்ணும் சேர்ந்து பிக்சலுக்கு நான்கு பைட் என்றால், முழுதும் நிரம்பிய ஓர் அடுக்குக்கு ஏறத்தாழ 24 கோடி பைட், பத்து அடுக்குக்கு 240 கோடி. வெற்றிடத்தை மென்பொருள் சுருக்கிவைத்துக்கொள்ளும் என்பதால் மெய்யான அளவு இதைவிடக் குறையும். எனினும் மாலை அணிந்த பதினைந்து முகங்கள் தனித்தனி அடுக்கிலும், ஒவ்வொன்றுக்கும் நிழலும் ஒளிவட்டமும் வேறு அடுக்கிலும் இருக்கும் கோப்பு பழைய கணினியை ஏன் மூச்சுத் திணற வைக்கிறது என்பதை இக்கணக்கு காட்டும். அதற்காக அடுக்குகளை ஒன்றாக்கும் மெர்ஜ் கட்டளையை அவசரமாகக் கொடுப்பதைக் காட்டிலும், தொடர்புள்ளவற்றை ஒரு தொகுப்பில் இட்டு மூடிவைப்பது நல்லது. ஒன்றாக்குவது அவசியமாயின், கோப்பின் நகலில் செய்ய வேண்டும்.

சேமிக்கும் வடிவத்தில்தான் பலருடைய உழைப்பு வீணாகிறது. ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி, கிம்ப்பின் எக்ஸ்சிஎஃப் ஆகிய கோப்புகள் அடுக்கு, மறைப்பு, எழுத்து எல்லாவற்றையும் பிரித்தபடியே வைத்திருக்கும். ஜேபெக் அடுக்கையும் அறியாது, ஒளிபுகுதலையும் அறியாது. எல்லாவற்றையும் ஒரே தாளாகத் தட்டி, வெற்றிடத்தில் வெள்ளையையோ வேறொரு நிறத்தையோ நிரப்பிவிடும். பிஎன்ஜி ஒளிபுகுதலைக் காக்கும், அடுக்கைக் காக்காது. வாட்ஸ்அப்பில் அனுப்ப ஜேபெக்கை எடுத்துக்கொண்டு, மூடும்போது கேட்கப்படும் கேள்விக்குச் சேமிக்க வேண்டாம் என்று பதில் சொல்லிவிட்டால், மூன்று மணி நேரம் பிரித்துவைத்திருந்தது எல்லாம் அந்த ஒரு சொடுக்கில் ரைலாண்டரின் தாளாகிவிடும்.

அச்சகத்துக்குப் போகும் கோப்பு பெரும்பாலும் ஒன்றாக்கப்பட்ட நகலாகவே இருக்கும், ஆனால் அங்கு அது அப்படியே நிலைப்பதில்லை. ஆஃப்செட் அச்சில் வண்ணப் படம் மீண்டும் நான்காகப் பிரிக்கப்பட்டு சியான் என்னும் வெளிர்நீலம், மஜந்தா, மஞ்சள், கருப்பு ஆகிய மைகளுக்கு நான்கு தகடுகள் செய்யப்படுகின்றன. காகிதம் நான்கு முறை மை வாங்கி வெளியே வருகிறது. தகடுகளில் ஒன்று இம்மியளவு விலகினாலும் வண்ண விளிம்பு தெரியும், அது முகத்தில் கண்ணுக்கு எளிதில் படாது, நுண்ணிய எழுத்தில் உடனே தெரிந்துவிடும். படத்தோடு உறையவைக்கப்பட்ட சிறிய கருப்பு எழுத்து பெரும்பாலும் நான்கு மையிலும் பிரிந்துபோவதால், ணகரத்தின் சுழிகளும் ஈகாரத்தின் வளைவும் மங்கிப் போகின்றன. ஆகவே தேர்ந்த வடிவமைப்பாளர் ஃபோட்டோஷாப்பில் படத்தை மட்டும் முடித்துக்கொண்டு, முகூர்த்த நேரமும் மண்டபத்தின் பெயரும் அடங்கிய வரிகளைக் கோரல்டிரா, இன்டிசைன் போன்ற வடிவமைப்பு மென்பொருளில் அதன்மேல் தனியே வைத்து, கருப்புத் தகட்டுக்கு மட்டும் அனுப்புகிறார்.